முனி கதை வழிமறிக்கவில்லை

விஞ்ஞானப் புனைகதை செத்துவிட்டது, மாயக்கதை அரியணை ஏறிவிட்டது என்ற பேச்சு இப்போது எங்கு போனாலும் காதில் விழுகிறது. இலக்கியக் கூட்டத்தில் பேசுகிறவரும் சொல்கிறார், வாரப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவரும் சொல்கிறார். சாவுக்கு நாள் குறித்துக் கொடுக்கிறவர்களும் உண்டு. 2008 பெப்ரவரி 27ஆம் திகதி சென்னையில் விஞ்ஞானக் கதை எழுதிய சுஜாதா காலமானார். மூன்று வாரம் கழித்து, மார்ச் 19ஆம் திகதி, கொழும்பில் ஆங்கில விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் காலமானார். 2015இல் ராஜா கதைப் படமான பாகுபலி வந்தது. இந்த மூன்றையும் ஒரு நூலில் கோத்து, எதிர்காலத்தைப் பற்றிக் கனவு காண்பதைத் தமிழன் விட்டுவிட்டான், பழைய ராஜா கதைக்கே திரும்பிவிட்டான் என்று முடித்துவிடுகிறார்கள்.

எங்கள் சப்ரகமுவப் பக்கத்தில் இந்தப் பேச்சு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தோட்டத்துச் சனத்துக்கு முனி கதையும் பேய்க்கதையும்தான் ஏறும். ரொக்கட்டும் ரோபோவும் எங்கே ஏறப்போகிறது என்கிறார்கள். அந்தச் சனத்தின் நன்மைக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டே இதைச் சொல்கிறார்கள். மூடநம்பிக்கையிலிருந்து மீள வேண்டுமாம், அதற்கு மாயக்கதையை ஒழிக்க வேண்டுமாம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலைத் தோட்டத்திலும் இறப்பர் தோட்டத்திலும் பிள்ளைகளோடு பழகுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வாதம் அடிமுதல் நுனிவரை பிழை. வழக்கும் பிழை, கூண்டில் நிறுத்தப்பட்ட ஆளும் பிழை.

வீழ்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் அது ஒரு நாளாவது எழுந்து நின்றிருக்க வேண்டும். எங்கள் தோட்டங்களில் விஞ்ஞானப் புனைகதை எந்தக் காலத்தில் எழுந்து நின்றது? 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசின் காலத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. ஈழத்து எழுத்துக்கும் பதிப்புக்கும் அதனால் நன்மை கிடைத்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் தமிழில் விஞ்ஞானக் கதை எழுதிக்கொண்டிருந்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். 1977க்குப் பிறகு கதவு திறந்தது. 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வந்தபோது அது எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்த விதம் என்ன? டவுன் சலூன் பெஞ்சில் அட்டை கிழிந்த ஓர் இதழ். அடுத்த வாரத்து இதழ் யார் வீட்டிலோ. தொடர்கதையின் நடுவில் ஓர் அத்தியாயம் மட்டும் படித்த வாசகர்களைத்தான் அது இங்கே உருவாக்கியது.

இலங்கைத் தமிழ் இலக்கியத்தின் உள்ளே நடந்ததையும் பார்க்க வேண்டும். விமர்சகர்களான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் முன்னிறுத்திய யதார்த்தவாதம்தான் இங்கே பல பத்தாண்டுகள் அளவுகோலாக இருந்தது. அந்த அளவுகோல் மலையகத்துக்குச் செய்த நன்மை பெரியது. லயத்துக் காம்பராவும் பெரட்டுக் களமும் இலக்கியத்துக்குள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சி.வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் எழுதியிராவிட்டால் எங்கள் பாட்டன் பூட்டனின் வாழ்க்கை துரைமாரின் அறிக்கைகளில் தலைக்கணக்காக மட்டும் மிஞ்சியிருக்கும். ஆனால் அதே அளவுகோல் கண்ணால் கண்டதை எழுது, கஷ்டத்தை எழுது, போராட்டத்தை எழுது என்று எழுத வருகிறவனுக்கு எல்லை போட்டது. முனியை எழுதினால் பிற்போக்கு. இயந்திர மனிதனை எழுதினால் பொழுதுபோக்கு. இரண்டும் ஒரே வாசலுக்கு வெளியே ஒன்றாகத்தான் நின்றன. வெளியே நின்ற இருவரில் ஒருவர் மற்றவரைத் தள்ளிவிட்டார் என்று இன்றைக்கு வழக்குப் போடுகிறார்கள்.

மாயக்கதையும் விஞ்ஞானக் கதையும் ஒன்றையொன்று தின்னும் என்ற நினைப்பே தவறு. அமெரிக்காவில் அர்சுலா லெ குயின் 1968இல் மந்திரவாதிகள் வாழும் ‘எர்த்ஸீ’ தீவுகளின் முதல் நாவலை வெளியிட்டார். 1969இல் வேற்றுக் கிரகத்து மனிதர்களைப் பற்றிய ‘இருளின் இடது கை’ வெளிவந்தது. அடுத்தடுத்த ஆண்டு, ஒரே கை. தமிழிலும் ‘விசும்பு’ என்ற விஞ்ஞானப் புனைகதைத் தொகுப்பைத் தந்த ஜெயமோகன்தான் 2014 முதல் 2020 வரை மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்று 26 நாவல்களாக எழுதினார். பாகுபலி வந்த அதே 2015இல்தான் காலப்பயணத்தை வைத்து எடுத்த ‘இன்று நேற்று நாளை’யும் வந்தது, சனம் விரும்பிப் பார்த்தது. 2021இல் ‘மாநாடு’, ஒரே நாளுக்குள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் கதை, எங்கள் பையன்கள் போனில் எத்தனை தடவை பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ரசனை செத்துவிட்டது என்று சொல்கிறவர்கள் அந்தப் பையன்களோடு ஒரு பத்து நிமிடம் பேசிப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘மாயக்கதையின் எழுச்சி’ என்று இவர்கள் காட்டுவது எங்கள் மாயக்கதையே கிடையாது. மலையகத்தின் மாயக்கதை காமன் கூத்தில் இருக்கிறது, அருச்சுனன் தபசில் இருக்கிறது, பொன்னர் சங்கரில் இருக்கிறது. மாசி மாதம் காமன் ஊன்றி, ரதிக்கும் மன்மதனுக்கும் வேஷம் கட்டி, தப்பு அடித்து, விடிய விடிய ஆடி, மன்மதனை எரித்து, பிறகு அவன் உயிர்த்தெழும் சடங்கோடு முடிக்கிற கூத்து அது. அருச்சுனன் தபசில் வேஷக்காரர் உயரமான மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே நிற்கிற சனம் அண்ணாந்து பார்த்தபடி இருக்கும். இன்று எத்தனை தோட்டங்களில் இவை தவறாமல் நடக்கின்றன? பாட்டு முழுவதும் தெரிந்த வாத்தியார் இருக்கிற தோட்டத்தை விரல் விட்டு எண்ணலாம். எங்கள் பிள்ளைக்குப் பாகுபலியில் வரும் மகிழ்மதியின் அரண்மனை தெரியும், அருச்சுனன் ஏன் தபசு செய்தான் என்று தெரியாது. வளர்ந்திருப்பது பெரிய முதல் போட்டு எடுத்து விளம்பரத்தால் வீடுவரை கொண்டு வந்து இறக்குகிற படம். அதைக் காட்டி, பார், இந்தச் சனத்தின் இரத்தத்திலேயே மாயம் ஊறியிருக்கிறது என்று சொல்வது வியாபாரத்தின் வெற்றியைச் சனத்தின் குணம் என்று தப்பாக எழுதுவது. எங்கள் கூத்தும் விஞ்ஞானக் கதையும் ஒரே பக்கம் தோற்றுக்கொண்டிருக்கின்றன.

இனி, இந்த மண்ணில் விஞ்ஞானக் கதைக்கு வேர் இல்லை என்கிறார்களே, அதற்கு வருகிறேன். இதைத்தான் நான் விரிவாக மறுக்க விரும்புகிறேன். ஏனென்றால் இதைக் கேட்டுக் கேட்டு எங்கள் பிள்ளைகளே நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

உலகம் அறிந்த விஞ்ஞான நாவல்களில் ஒன்று எங்கள் மலையை வைத்துத்தான் எழுதப்பட்டது. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். 1979இல் அவர் எழுதிய ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். கட்டுகிற இடம் ஸ்ரீகந்த என்ற புனித மலை. அது வேறொன்றுமில்லை, எங்கள் சிவனொளிபாதமலைதான். கதைக்கு வசதியாக இருக்கட்டும் என்று கிளார்க் தீவை 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளிப் பூமத்திய ரேகையில் வைத்தார், மலையின் உயரத்தை இரட்டிப்பாக்கினார். ஹியூகோ, நெபியூலா என்ற இரண்டு பெரிய விருதுகளும் அந்த நாவலுக்குக் கிடைத்தன. 2243 மீற்றர் உயரமான அந்த மலைக்கு இரத்தினபுரிப் பக்கமிருந்து ஏறுகிற பலாபத்தல வழியிலும் குருவிட்ட எரத்ன வழியிலும் ஒவ்வொரு பருவத்திலும் எங்கள் சனம் நடக்கிறது. மலை உச்சியில் தெய்வத்தின் பாதம் இருக்கிறது என்பது மாயம். அதே உச்சியிலிருந்து வானத்துக்குக் கம்பி இழுப்பது விஞ்ஞானம். கிளார்க் இரண்டையும் ஒரே மலையில்தான் வைத்தார். மலையில் வாழும் பிக்குகளுக்கும் பொறியியலாளனுக்கும் நடக்கிற இழுபறிதான் அந்தக் கதையின் உயிர்.

சிங்கள வாசகனுக்குக் கிளார்க்கை எஸ்.எம். பந்துசீல 1970கள் முதல் மொழிபெயர்த்துக் கொடுத்தார். அந்த உழைப்பினால் சிங்களத்தில் விஞ்ஞானக் கதைக்கு ஒரு வாசகர் கூட்டம் உண்டானது. மலையடிவாரத்துத் தமிழ்ப் பாடசாலை எதிலும் கிளார்க்கின் அந்த நாவலைத் தமிழில் நான் பார்த்ததில்லை. பந்துசீல மொழிபெயர்த்த நாட்டில் சிங்களப் பிள்ளையும் யக்கா கதையும் பேய்க் கதையும் கேட்டுத்தான் வளர்ந்தது. யக்கா கதை அங்கே வழிமறிக்கவில்லை. இங்கே முனி கதை மட்டும் எப்படி வழிமறிக்கும்?

எதிர்காலக் கதைகளில் குளோனிங் என்று ஒன்று வரும். ஓர் உயிரிலிருந்து அச்சு அசலாக இன்னொரு உயிரை எடுப்பது. அதைப் படித்து நகரத்து வாசகன் வியக்கிறான். எங்கள் தோட்டத்துப் பெண்கள் நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பதே குளோனில்தான். வி.பி. தேயிலை என்று நாங்கள் சொல்கிற செடி விதையிலிருந்து வந்ததில்லை. நேர்சரிக்குப் போய்ப் பாருங்கள். தாய்ச் செடியின் கிளையிலிருந்து ஓர் இலையும் அதை ஒட்டிய சிறு துண்டுத் தண்டுமாக வெட்டி எடுப்பார்கள். மண் நிரப்பிய பொலித்தீன் பையில், இலை மண்ணில் படாமல், தண்டை மட்டும் நட்டு, நிழல் போட்டு மூடுவார்கள். வேர் பிடித்து வருகிற கன்று தாயின் அச்சு. ஒரு மலைச் சரிவு முழுவதும் ஒரே தாயின் பிரதிகள். தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தாழ்நாட்டுப் பிரிவு இரத்தினபுரியில்தான் இருக்கிறது. அந்த நிலையம் வெளியிட்ட பேர்போன குளோன் ஒன்றின் பெயர் டி.ஆர்.ஐ. 2025. நடுகிற ஆளுக்கும் பறிக்கிற ஆளுக்கும் எண் தெரியும். எல்லாச் செடியும் ஒரே செடி என்றால், ஒன்றைத் தாக்குகிற நோய் எல்லாவற்றையும் தாக்குமே, அன்றைக்கு இந்த மலையில் யார் மிஞ்சுவார்கள் என்ற கேள்வி அங்கேயே கிடக்கிறது. அந்தக் கேள்வியிலிருந்து ஒரு நாவல் எழுதலாம். எழுத ஆள் இல்லாததற்கு ரோதை முனி என்ன செய்வார்?

கற்பனை என்றுகூடச் சொல்ல முடியாது, அது ஒருமுறை நடந்தும் இருக்கிறது. 1869இல் இலங்கைக் கோப்பிச் செடியின் இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூளாக ஒரு பூஞ்சணம் தென்பட்டது. இருபது ஆண்டுக்குள் கோப்பித் தொழிலையே அது தின்று முடித்தது. கோப்பிக்காக நடந்து வந்த எங்கள் முன்னோரின் வாழ்வு தேயிலைக்கும் இறப்பருக்கும் மாறியது, கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்துத் தூளால். உலகத்து விஞ்ஞானக் கதைகளில் வேற்றுக் கிரகத்துக் கிருமி வந்து நாகரிகத்தைக் கவிழ்ப்பதாகப் படிக்கிறோம். எங்கள் நாகரிகமே அப்படி ஒரு கவிழ்ப்பில் பிறந்தது.

1979இல் ‘ஏலியன்’ படத்தில் மனித உடம்புக்குள் வளர்ந்து நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிற பிராணியைப் பார்த்து உலகம் நடுங்கியது. தேயிலை இலையைச் சுருட்டிக் கட்டித் தின்கிற புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியை இங்கே கொண்டு வந்து விட்டார்கள். அது புழுவின் உடம்புக்குள் முட்டை இடும். குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வெளியே வரும். அந்தக் குளவி இன்றும் எங்கள் தேயிலை மலைகளில் வேலை செய்துகொண்டிருக்கிறது. இதை ஒரு பிள்ளைக்குச் சொன்னால் கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்கும். முனி கதையை எப்படிக் கேட்குமோ அப்படியே கேட்கும். சொன்னவர்கள் எத்தனை பேர்?

பலாங்கொடைக்குக் கிழக்கே சமனலவெவ நீர்த்தேக்கம் இருக்கிறது. அணை கட்டுவதற்கு முன் அந்தப் பகுதியை ஆராய்ந்த கில் ஜுலெஃப் என்ற தொல்லியலாளர் மேற்குப் பார்த்த மலைச் சரிவுகளில் பழைய இரும்பு உலைகளின் தடங்களைக் கண்டார். துருத்தி வைத்து ஊதுகிற உலைகள் இல்லை அவை. தென்மேற்குப் பருவக்காற்றையே உலைக்குள் இழுத்து இரும்பு உருக்கும் உலைகள். கி.பி. 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை அங்கே வேலை நடந்திருக்கிறது. அப்படி ஓர் உலையைத் திரும்பக் கட்டிக் காற்றில் எரித்துப் பார்த்தார். நல்ல உருக்கு கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ ஆய்விதழ் அதை வெளியிட்டது. ஆடி மாதம் லயத்துக் கூரைத் தகரத்தைத் தூக்கி அடிக்கிறதே, அதே காற்று. ஆயிரம் ஆண்டுக்கு முன் இதே மலையில் ஒருவன் நின்று, இந்தக் காற்றை வேலைக்கு வைத்தால் என்ன என்று யோசித்திருக்கிறான். விஞ்ஞானக் கதையின் முதல் வரியும் அந்த யோசனைதான். இந்த மண்ணுக்கு அது அந்நியம் என்று யார் சொல்வது?

ரோதை முனியின் பெயரை மேலே எடுத்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரங்களைக் காக்கிற சாமி அவர். கிராமத்திலிருந்து முனியாண்டியையும் மாடசாமியையும் கூட்டிக்கொண்டு வந்த சனம், இங்கே பட்டியும் சக்கரமும் கொழுந்தை அரைக்கிற ரோலருமாக ஒரு பூதத்தைக் கண்டது. சேலைத் தலைப்பு சிக்கினால் ஆளையே இழுத்துக்கொள்கிற பூதம். அதற்கு ஒரு முனியை நியமித்தது. இதைத்தான் மூடநம்பிக்கை என்று எங்கள் சீர்திருத்தக்காரர்கள் தள்ளிவிடுகிறார்கள். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். இயந்திரத்தைக் கண்டதும் அதற்கு விருப்பு வெறுப்பு உண்டா, அதனோடு மனிதன் எப்படி உடன்படிக்கை செய்துகொள்வது என்று யோசித்த சனம் அது. சுஜாதாவின் ஜீனோ என்ற இயந்திர நாய் பேசியபோது தமிழ்நாடு கேட்ட கேள்வியும் அதன் உறவுக் கேள்விதான். மாயத்தின் வழியாக இயந்திரத்தை எண்ணிப் பார்க்கத் தெரிந்த கூட்டத்துக்கு விஞ்ஞானத்தின் வழியாகவும் எண்ணத் தெரியும். அதற்கான பாடம் கிடைத்திருந்தால்.

இங்கே எதிர்த்தரப்பு தன் பெரிய ஆயுதத்தை எடுக்கும். கேகாலைப் பாணியைப் பார்த்தீர்களா என்பார்கள். 2020 டிசம்பரில் கேகாலைக்குப் பக்கத்தில் ஹெட்டிமுல்லையில் ஒருவர் கொவிட்டுக்கு மருந்து என்று ஒரு பாணி காய்ச்சினார். தயாரிப்பு முறையைக் காளி அம்மன் அருளியதாகச் சொன்னார். கொவிட் கட்டுப்பாடு எல்லாம் பறக்க, ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். மாயக்கதையில் ஊறிய சமூகம் இப்படித்தான் போய் நிற்கும் என்பது அவர்கள் வாதம்.

அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டியவர் யார்? அன்று இரத்தினபுரி மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் சுகாதார அமைச்சராகவும் இருந்த பவித்ரா வன்னியாராச்சி. அடுத்த மாதமே அவருக்குக் கொவிட் தொற்று உறுதியானது. அவர் முனி கதை கேட்டுக் கெட்டுப்போன தோட்டத்துப் பிள்ளை இல்லை. ஒரு நாட்டின் சுகாதாரத்துக்கே பொறுப்பாக இருந்தவர். அதோடு நிற்கவில்லை. 2021 மே மாதம் கோட்டாபய ராஜபக்ஷ அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தியது. முழு நாடும் சேதன விவசாயத்துக்கு மாறும் என்றார்கள். ஆண்டு முடிவதற்குள் தடையைக் கைவிட வேண்டி வந்தது. ஆனால் செடி அதற்குள் பட்டினி கிடந்துவிட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடியாக இறங்கியது. கொழுந்து குறைந்தால் யாருக்குப் பேர் குறையும், யார் கையில் சம்பளம் குறையும் என்பதை இந்தப் பக்கத்து வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கதை என்று சொல்லிக்கொண்டு வருகிற மாயம் யாரையும் ஏமாற்றுவதில்லை. காமன் கூத்தில் மன்மதன் எரிகிறான், எழுகிறான். வேஷம் கலைந்ததும் அவர் காலையில் மலைக்கு வேலைக்குப் போகிற மாமா என்று பிள்ளைக்குத் தெரியும். மருந்து என்றும் கொள்கை என்றும் சொல்லிக்கொண்டு வருகிற மாயம்தான் ஆளைக் கொல்கிறது. அதைப் பிரித்தறியக் கற்றுத்தருவது எது? ‘இப்படிச் செய்தால் அடுத்து என்ன நடக்கும், அதற்கு அடுத்து என்ன நடக்கும்’ என்று படிப்படியாகக் கேட்கப் பழக்குகிற கதை. உரத்தை நிறுத்தினால் முதல் மாதம் என்ன, ஆறாம் மாதம் என்ன, இறக்குவானையில் ஒரு லயத்தில் என்ன என்று எழுதிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் அந்த வர்த்தமானியை முதல் நாளே சிரித்து ஒதுக்கியிருப்பார்கள். அதனால்தான் விஞ்ஞானக் கதை எங்களுக்கு வேண்டும் என்கிறேன்.

எதிர்காலம் வந்துவிட்டது, எல்லார் கையிலும் போன் இருக்கிறது, இனி விஞ்ஞானக் கதைக்கு என்ன வேலை என்று ஒரு வாதமும் உண்டு. அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. களனிப் பள்ளத்தாக்கு ரயில் 1912இல் இரத்தினபுரிக்கு வந்தது, 1919இல் ஓப்பநாயக்க வரை போனது. 1970களில் அவிசாவளைக்கு மேலே அது நின்றுபோனது. எதிர்காலம் வரும், திரும்பியும் போகும் என்பதை எங்கள் ஊர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை இறங்கியது. அதே நாட்களில் புளத்கொஹுப்பிட்டியவில் களுப்பஹன தோட்டத்து லயங்கள் மீதும் மண் சரிந்தது. மழைமானி இருக்கிறது, செயற்கைக்கோள் இருக்கிறது, போனில் எச்சரிக்கை அனுப்பலாம். அந்த எச்சரிக்கை எந்த மொழியில் வரும், வந்தாலும் லயத்தை விட்டு எங்கே போவது, அந்த இடத்துக்கு யாருடைய அனுமதி வேண்டும்? இந்தக் கேள்விகளைக் கருவி தீர்க்காது. தீர்க்கப்படாத கேள்வி இருக்கிற வரைக்கும் எதிர்காலத்தைப் பற்றிய கதைக்கும் வேலை இருக்கிறது.

அப்படியானால் எங்கள் பிள்ளைகளிடம் விஞ்ஞானக் கதை ஏன் வந்து சேரவில்லை? தெரணியகலைப் பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலையில் வெட்டி எடுத்த பாலைத் தட்டுகளில் ஊற்றி, தண்ணீர் கலந்த அசிட்டை விட்டுக் கலக்கினார்கள். நுரையை வழித்து எடுத்தார்கள். பக்கத்தில் நின்ற பையன், தாயோடு வந்தவன், தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பால் தளும்புவதை நிறுத்தி இறுகுவதை விரலால் தொட்டுப் பார்த்தான். ஏன் உறையுது என்று கேட்டான். அசிட் ஊத்தினா உறையும் என்றார் ஒருவர். வேறு பதில் அங்கே யாரிடமும் இல்லை, அது அவர்கள் குற்றமும் இல்லை. பாலுக்குள் மிதக்கிற நுண்துளிகளெல்லாம் ஒரே வகை மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. அசிட் அந்த ஏற்றத்தை அழித்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இதைத் தமிழில், ஆய்வுகூடத்தில், அந்தப் பையனுக்குக் காட்ட ஓர் இடம் வேண்டும்.

அந்த இடம் இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களில் பொறுப்பேற்கத் தொடங்கியது. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்றும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்துப் பிள்ளை தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டால், பெரும்பாலும் ஊரைவிட்டு ஹட்டனுக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். தங்குமிடச் செலவு, டியூசன் செலவு, பஸ் செலவு. நாட்கூலி வாங்குகிற வீட்டில் அது நடக்கிற காரியமா? கெட்டிக்காரப் பிள்ளை கலைப் பிரிவுக்குப் போகிறது, கலையில் பிரியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இயற்பியலும் உயிரியலும் கதவுக்கு அப்பால் நிற்கிற ஒரு சமூகத்தில் விஞ்ஞானக் கதைக்கு வாசகன் எங்கிருந்து முளைப்பான், எழுத்தாளன் எங்கிருந்து முளைப்பான்? சுஜாதா இலத்திரனியல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேலை செய்த பொறியியலாளர். கிளார்க் 1945இலேயே செய்மதித் தொடர்புக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர். சீனாவின் லியு சிசின் மின்நிலையத்தில் வேலை பார்த்தவர். இந்தக் கதை வகை ஆய்வுகூடத்துக்குப் பக்கத்து வீட்டில் பிறக்கிறது.

இந்த மறுப்பை, காடு கழனி பறிபோனவனிடம் ‘நீ சோம்பேறி’ என்று சொல்வதற்கு எதிரான மறுப்பாகவே எழுதுகிறேன். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், வாங்கத் தெரியாதவன் என்று பெயர் வைப்பது எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. வாக்குரிமையிலும் காணியிலும் கேட்ட பழி இப்போது கற்பனையிலும் வந்து நிற்கிறது.

ஆகவே கூட்டங்களில் பேசுகிறவர்களையும் பத்தி எழுதுகிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். மாயக்கதையின் மீது வழக்குப் போடுவதை விட்டுவிட்டு, மாகாணக் கல்வித் திணைக்களத்தின் மீது போடுங்கள். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தோட்டப் பிள்ளைகள் தினமும் போய்வரக்கூடிய தூரத்தில், ஆசிரியரும் ஆய்வுகூடமும் உள்ள தமிழ்மொழி உயர்தர விஞ்ஞானப் பிரிவுகளைக் கேளுங்கள். மொழிபெயர்க்கத் தெரிந்தவர்கள் சிவனொளிபாதமலை வருகிற அந்த நாவலில் தொடங்குங்கள். மலையக எழுத்தாளர்கள் குளோன் தேயிலையையும் ஜாவாக் குளவியையும் காற்று உலையையும் எழுதுங்கள். காமன் கூத்து வாத்தியார்களிடமும் போய் உட்கார்ந்து பாட்டை எழுதி எடுங்கள். கோயில் கமிட்டிகளும் இளைஞர் சங்கங்களும் திருவிழா வசூலில் ஒரு பங்கை ஒதுக்கி, தோட்டத்துக்கு ஒரு புத்தக அலுமாரி வையுங்கள். அதில் விக்கிரமாதித்தன் கதையும் இருக்கட்டும், ‘என் இனிய இயந்திரா’வும் இருக்கட்டும், முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி அத்தியாயம் வரை.